மயூர் விஹார் கம்ப்யூட்டர் வகுப்பு: பத்தாவது ஐடி பாடத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேர்க்கலாம். தைரியமாகச் சேர்க்கலாம். சர்டிபிகேட்டுக்காகச் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் வேண்டாம், அதற்கான காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். என் மகள் இந்த வருடம் சிபிஎஸ்இ பத்தாவது முடித்தாள். ஜூலையிலிருந்து நவம்பர் கடைசி வரை ஐந்து மாதம் டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். ஆர்.கே.புரத்திலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் தெரிந்தவர்கள் போன் செய்து "எப்படிங்க இருக்கு, குடுக்கற காசுக்குத் தேறுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும்.

பாடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சிபிஎஸ்இ ஒன்பதாவது, பத்தாவதில் ஐடி என்று ஒரு திறன் பாடம் இருக்கிறது, பாட எண் 402. மொத்தம் 100 மதிப்பெண், அதில் எழுத்துத் தேர்வு 50, செய்முறை 50. ஒன்பதாவதில் டைப்பிங், கடிதம், ஸ்ப்ரெட்ஷீட், ஸ்லைடு எல்லாம் அடிப்படை. பத்தாவதில் கடிதம் அடிக்கிற அதே ரைட்டர், ஸ்ப்ரெட்ஷீட் போடுகிற அதே கால்க், ஆனால் ஒரு படி மேலே போய் ஸ்டைல், டெம்ப்ளேட், பொருளடக்கம், கோல் சீக் (வர வேண்டிய விடையைச் சொன்னால் அதற்கான எண்ணைக் கண்டுபிடிப்பது), மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைப் பதிவுசெய்து ஓட்டுவது) என்று வரும், அப்புறம் டேட்டாபேஸ், அதாவது தகவல்களை அட்டவணையாகச் சேர்த்து வைத்துத் தேடி எடுப்பது. பாடப் புத்தகம் லிப்ரே ஆபீஸை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் மிக நல்ல பாடத்திட்டம். ஒரு 15 வயதுப் பிள்ளை இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், எந்த ஆபீஸிலும் முதல் ஆறு மாதம் தடுமாறாமல் வேலை பார்க்கலாம்.

ஆனால் நிறைய வீடுகளில் இந்தப் பாடத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் பிள்ளை தவறிவிட்டால், ஆறாவதாக எடுத்த திறன் பாடத்தில் தேறியிருந்தால் அதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதனால் கணக்கு கைவிட்டாலும் ஐடி காப்பாற்றும் என்று ஒரு பேச்சு. ஸ்டெப்னி டயர் மாதிரி ஆகிவிட்டது இந்தப் பாடம். ஓட்டிப் பார்க்க யாரும் எடுப்பதில்லை, வண்டியில் இருந்தால் சரி. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

ஏன் வருத்தம் என்றால் நான் பட்பட்கஞ்சில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். போன வருடம் பி.காம் முடித்த ஒரு பையன் சேர்ந்தான், பயோடேட்டாவில் எம்எஸ் ஆபீஸ் நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தான். முதல் நாள் டீசல் செலவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தோம். 70 வரிசையையும் அழகாக அடித்துவிட்டு, போனில் இருக்கும் கால்குலேட்டரில் கூட்டி, மொத்தத்தைக் கடைசிக் கட்டத்தில் கையால் அடித்தான். மறுநாள் இரண்டு பில் மாறியது. மொத்தம் மாறவில்லை. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பள்ளியில் இருந்து கல்லூரி வரை பத்து வருடம் கம்ப்யூட்டர் பாடம் படித்தவன், ஒரு ஆள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் என்ன செய்கிறான் என்று பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

என் மகள் பள்ளியிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் 40 பேர், ஓடுகிற கம்ப்யூட்டர் 18. ஒரு மெஷினுக்கு இரண்டு மூன்று பேர், மௌஸ் யார் கையில் இருக்கிறதோ அவன் கற்றுக்கொள்வான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மிஸ் நல்லவர்தான், அவருக்குப் புத்தகத்தை முடிக்க வேண்டும். அதனால் பயிற்சி நோட்டில் "பொருளடக்கம் சேர்க்கும் வழிமுறை" என்று ஏழு படியை நீல மையில் எழுதிக்கொண்டு வந்தாள். அழகாக மனப்பாடமாகச் சொல்வாள். வீட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்துச் செய்துகாட்டு என்றால் எந்த மெனு என்று தேடினாள்.

சரி, வெளியே எங்காவது சேர்ப்போம் என்று முதலில் லக்ஷ்மி நகரில் ஒரு இடத்துக்குப் போனோம். சி.ஏ. கோச்சிங் போர்டுகளுக்கு நடுவில் அதற்கும் ஒரு பெரிய போர்டு, 30 நாளில் எல்லாம் என்று. 3,500 ரூபாய் கட்டினேன். ஏசி ஹால், புரொஜெக்டர், முன்னால் ஒருவர் வேகமாகச் செய்துகாட்டுவார், பிள்ளைகள் அப்படியே பார்த்து அடிப்பார்கள். எல்லார் ஃபைலும் ஒரே மாதிரி இருக்கும், அதே பத்துப் பேர் சம்பளப் பட்டியல். 22ஆம் நாள் சர்டிபிகேட் கையில் கொடுத்துவிட்டார்கள், ஏ பிளஸ் என்று போட்டு. இன்னும் எட்டு நாள் வகுப்பு பாக்கி இருந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அந்த மாதிரி இடங்கள் அந்தத் தெரு முழுக்க இருக்கின்றன.

இந்த மயூர் விஹார் வகுப்பைப் பற்றிச் சொன்னது, உத்தர குருவாயூரப்பன் கோவிலில் பார்த்துப் பழக்கமான ஒரு அக்கா. பேஸ் 1இல், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஒரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடி. போர்டு கிடையாது. நடத்துகிறவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்து ஓய்வு பெற்றவர். ரெமிங்டன் டைப்ரைட்டரில் லோயர், ஹையர் டைப்பிங் தேர்வுகளை முடித்துவிட்டு டெல்லி வந்தவர், அதே கையோடு டாஸ் காலத்தில் இருந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டார். 12 மெஷின், 12 பிள்ளைகள், 13ஆவது ஆளைச் சேர்க்க மாட்டார். நான் போன அன்றைக்கு இடம் இல்லை என்று இரண்டு வாரம் காத்திருக்க வைத்தார். சனி, ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. மாதம் 1,200 ரூபாய், மாதா மாதம் கட்டினால் போதும், மொத்தமாக வாங்குவதில்லை. பிள்ளைகள் மேடம் என்கிறார்கள், என் மகள் டீச்சர் என்கிறாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இடம் கிடைத்துப் போன அன்றைக்கும் அவர் உடனே பணத்தை வாங்கவில்லை. இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் படிச்சுட்டு வாங்கம்மா, சம்மதம்னா அடுத்த வாரம் சேர்த்துக்கலாம்" என்றார். இந்த வகுப்பில் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறேன், நீங்கள் என்னிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இவ்வளவு தெளிவாக எந்தப் பள்ளியும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. மதிப்பெண் கிடையாது, வேலை சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வேன், இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன், எத்தனை முறை ஆனாலும் சரி. தாமதமாகக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு அதே பாடத்தை வேறு வேலையாகக் கொடுப்பேன். ஃபைல் பெயரில் தேதி, பிள்ளையின் பெயர், வேலை மூன்றும் இருக்க வேண்டும், "புது ஃபைல் 2" என்று வந்தால் திறக்கக்கூட மாட்டேன். பென் டிரைவ் சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் இங்கே வந்து இலவசமாகச் செய்துகொள்ளலாம், போனில் செய்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். பெற்றோர் செய்து கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று கடைசி வரி.

எப்படித் தெரியும் என்று நான் நினைத்தேன். ஆகஸ்டில் புரிந்தது. வகுப்பில் ஒரு பையன் நான்கு பக்க அறிக்கை கொண்டு வந்திருக்கிறான், பிரமாதமாக இருந்ததாம். டீச்சர் ஃபைல் மெனுவில் ப்ராப்பர்டீஸ் என்பதைத் திறந்து காட்டியிருக்கிறார். ஃபைலை உருவாக்கியவர் என்ற இடத்தில் வேறு யாரோ பெயர், மொத்தத் திருத்த நேரம் என்ற இடத்தில் ஒரு நிமிடம் சொச்சம். அவனை எல்லார் முன்னாலும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்தை மட்டும் அவனையே அடிக்க வைத்து, மற்ற மூன்றையும் வீட்டில் செய்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். என் மகள் பையை எடுக்க மறுபடி மாடி ஏறியதால் இது தெரியவந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் தன்னுடைய எல்லா ஃபைலிலும் திருத்த நேரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 20 நிமிடம் டைப்பிங் மட்டும். கை மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவார். முதல் மாதம் என் மகள் இதற்கு அழுதாள், உண்மையாகவே அழுதாள், இரண்டு விரலில் வேகமாக அடிக்கிற பிள்ளைக்கு பத்து விரலில் அடிப்பது பின்னால் போகிற மாதிரிதான் இருக்கும். "பள்ளித் தேர்வில் இது கேட்கவே மாட்டார்களே" என்று என்னிடம் சண்டை. நானும் தென்காசியில் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் முடித்தவள்தான், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, ஆறு வாரம் பொறுத்துக்கோ என்று சொன்னேன். செப்டம்பர் நடுவில் திரையைப் பார்த்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடிதப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் நானும் கற்றுக்கொண்டேன். விடுப்பு விண்ணப்பம் அடித்துக் கொண்டு போயிருக்கிறாள், தேதி வலது பக்கம், கையெழுத்து வலது பக்கம், பார்க்கச் சரியாக இருந்தது. டீச்சர் கன்ட்ரோலையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினார். கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. தேதிக்கு முன்னால் வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஸ்பேஸ் பார் ஒரு தட்டு. அவளை எண்ணச் சொன்னார். 54. பக்கத்தைத் தள்ளுவதற்கு 11 என்டர். பிறகு டீச்சர் எழுத்து அளவை 12இலிருந்து 14 ஆக மாற்றினார், தேதி வலது ஓரத்தில் முட்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது, கையெழுத்து அடுத்த பக்கத்தில் தனியாக நின்றது. "ஆபீஸ்ல பெரிய அதிகாரி எழுத்தைப் பெருசாக்குன்னு ஒரு வார்த்தைதான் சொல்வார், நீ ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து ஸ்பேஸ் தட்டிட்டு இருப்பியா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்குச் செய்துகாட்டினாள். மறுநாள் நான் ஆபீஸில் என்னுடைய பழைய கடிதங்களைத் திறந்து அதே குறிகளைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி மயம். 16 வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஸ்பேஸ் தட்டாமலே எழுத்தை ஒரே இடத்தில் நிறுத்துகிற டேப் நிறுத்தத்தை எங்கே வைப்பது என்று என் மகள்தான் எனக்குக் காட்டினாள்.

அங்கிருந்து ஸ்டைலுக்குப் போனார். எஃப்11 அழுத்தினால் பக்கவாட்டில் ஸ்டைல் பட்டியல் வரும். தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது பார்க்கத் தலைப்பு, அவ்வளவுதான். ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று மென்பொருளுக்கே தெரியும், அப்போதுதான் பொருளடக்கம் தானாக வரும், பக்க எண் தானாக மாறும். பள்ளி நோட்டில் ஏழு படியாக எழுதியிருந்தாளே, அந்த ஏழாவது படி வரைக்கும் சரியாகச் செய்தும் பொருளடக்கம் காலியாக வந்ததன் காரணம் இதுதான். நோட்டில் முதல் படியே ஹெடிங் ஸ்டைல் கொடுக்கவும் என்றுதான் இருந்தது. அது எதற்கு என்று யாரும் சொல்லாததால் அவள் அதை எழுத்தைப் பெரிதாக்குவது என்று புரிந்துகொண்டிருந்தாள்.

கால்க் பாடத்துக்கு வீட்டு மின்சார பில் ஒரு வருடத்துக்கானதைக் கொண்டு வரச் சொன்னார். டெல்லியில் ஆகஸ்ட் 2019இலிருந்து மாதம் 200 யூனிட் வரை பில் கிடையாது, 201இலிருந்து 400 வரை பாதி, அதுவும் 800 ரூபாய் வரைதான் சலுகை, 400 தாண்டினால் ஒன்றும் இல்லை என்ற ஏற்பாடு நம் எல்லாருக்கும் தெரியும். இதை அப்படியே இஃப் ஃபார்முலாவாக எழுத வேண்டும், ஒவ்வொரு மாதத்துக்கும் பக்கத்தில் முழுச் சலுகை, பாதிச் சலுகை, சலுகை இல்லை என்று தானாக வர வேண்டும். 12 பிள்ளைகள், 12 வீட்டு பில், யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. லக்ஷ்மி நகரில் எல்லாருக்கும் ஒரே சம்பளப் பட்டியல் கொடுத்தார்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

எங்கள் பில்லில் ஜூன் மாதம் 412. அது சரியாகச் சலுகை இல்லை என்று வந்தது. மார்ச் 198, ஆனால் அதற்கும் சலுகை இல்லை என்று வந்தது. ஒரு மணி நேரம் ஃபார்முலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், ஃபார்முலாவில் ஒரு பிழையும் இல்லை. டீச்சர் விடையைச் சொல்லவில்லை, கட்டத்தைப் பார், எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். மற்ற எண்கள் எல்லாம் வலது பக்கம், அந்த 198 மட்டும் இடது பக்கம். அதில் எண்ணை மட்டும் அடிக்காமல் "198 யூனிட்" என்று அடித்திருக்கிறாள். அது எண் இல்லை, எழுத்து. எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் கால்க் எழுத்தைத்தான் பெரியது என்று எடுத்துக்கொள்ளும், அதனால் 400ஐத் தாண்டியதாக நினைத்துவிட்டது. வருட மொத்தத்திலும் அந்த மாதம் சேரவே இல்லை. கன்ட்ரோலும் எஃப்8உம் அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் ஃபார்முலா பச்சையாகவும் தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்லிக் கொடுத்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். யூனிட் என்ற சொல்லை மேலே தலைப்பில் போடு, கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும் என்ற பழக்கம் அன்றைக்கு வந்ததுதான். எங்கள் ஆபீஸுக்கு வருகிற லாரி வாடகைப் பட்டியல்களில் பாதித் தகராறு இதனால்தான் வருகிறது, நான் மிகைப்படுத்தவில்லை.

அந்த 200, 400 இரண்டையும் ஃபார்முலாவுக்குள் அடிக்க விடவில்லை. தனிக் கட்டத்தில் வைத்து டாலர் குறி போட்டுப் பூட்டச் சொன்னார். "நாளைக்கு 200ஐ 250னு மாத்தினா பன்னிரண்டு இடத்துல போய் மாத்துவியா, ஒரு இடத்துல மாத்துவியா?" டாலர் போடாமல் கீழே இழுத்தால் என்ன ஆகிறது என்பதையும் செய்ய வைத்தார், ஒவ்வொரு வரிசையும் ஒரு கட்டம் கீழே கீழே போய் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. தப்பாக வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு டாலர் குறியை மறக்கவே மாட்டார்கள். கோல் சீக் பாடத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நால்வர் ஊருக்குப் போய்வர எவ்வளவு ஆகும், மார்ச்சுக்குள் அது சேர மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அந்தத் தாளை என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்து அதன்படி எடுத்து வைத்தார், மே மாதம் ஊருக்குப் போய் வந்தோம்.

தமிழ் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்டோபரில் எல்லாரும் அவரவர் தாய்மொழியில் தாத்தா பாட்டிக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றார். வகுப்பில் ஹிந்தி, மலையாளம், வங்காளம், இரண்டு தமிழ். என் மகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுதுவது தடுமாற்றம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையை வைத்து அடிக்கச் சொன்னார். க அடித்து ஒ அடித்தால் கொ தானாக வரும், கொம்பு முதலில் அடிக்க வேண்டுமா கால் பிறகா என்று யோசிக்க வேண்டாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பிறகு எழுத்துருவை மாற்றினால் மாறவே இல்லை. ஆங்கில எழுத்து மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. ரைட்டரில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ், ஹிந்தி மாதிரி எழுத்துகளுக்கு வேறு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், அமைப்பில் போய் அந்த இரண்டாவது பகுதியைத் திறந்துவிட வேண்டும். நானும் தமிழ்ச் சங்க நோட்டீஸ் ஒன்றுக்காக ஒரு தடவை இதில் மாட்டிக்கொண்டு கடைசியில் டிடிபி கடைக்குப் போயிருக்கிறேன். அந்தக் கடைக்காரர் கொடுத்த ஃபைலை டீச்சரிடம் காட்டினாள், இங்கே திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தது. பழைய எழுத்துருவில் அடித்தது, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் முறை இல்லை, அந்த எழுத்துரு இருக்கிற மெஷினில் மட்டும்தான் தமிழாகத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தார். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. தென்காசியில் என் அப்பா அந்தக் கடிதத்தை பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம்.

குறை இல்லாமல் இல்லை. டேட்டாபேஸ் பகுதியை நவம்பரில் மூன்றே வகுப்பில் ஓட்டினார். ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டுகிற பிரைமரி கீ என்றால் என்ன என்று நன்றாகப் புரியவைத்தார், ஆனால் க்வெரி, ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் அவசரமாகப் போனது, டிசம்பர் முழுக்க நாங்களே வீட்டில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. மேக்ரோ தொடவே இல்லை. இதை அவரிடம் நேராகவே சொன்னேன். கால்க்கில் இரண்டு வாரம் கூடுதலாகப் போய்விட்டது, அடுத்த முறை ஆறு மாதமாக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். ஸ்லைடு பாடமும் சுமார்தான், அவருக்கே அதில் பெரிய ஆர்வம் இல்லை என்று தெரிகிறது.

ஏசி கிடையாது, இரண்டு ஃபேன். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் 12 மெஷின் ஓடுகிற அறையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், தண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்தனுப்புங்கள். லிஃப்ட் இல்லை. வகுப்பு ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்துதான், நம் பிள்ளைகளிடம் மட்டும் நடுவில் தமிழில் ஒரு வார்த்தை சொல்வார், தமிழ் வகுப்பு என்று நினைத்துப் போக வேண்டாம். லிப்ரே ஆபீஸ் மட்டும்தான், வேர்டும் எக்ஸெலும் இல்லை. ஒன்றில் கை பழகிவிட்டால் மற்றது இரண்டு நாளில் பிடிபடும், என் மகள் என் ஆபீஸ் லேப்டாப்பில் எக்ஸெலை ஒரே மாலையில் பழகிக்கொண்டாள். ஆனால் ரைட்டரின் ஓடிடி ஃபைலை வேர்டுக்கான டாக்ஸ் வடிவில் சேமித்து வேர்டில் திறந்தால் பக்கம் கொஞ்சம் நகர்கிறது, பள்ளிக்குக் கொடுப்பதை பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சர்டிபிகேட் விஷயம். கடைசி நாளில் டீச்சர் ஒரு தாளில் பிள்ளை என்னென்ன வேலை தனியாகச் செய்து முடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எங்கும் செல்லாது. அரசு வேலைக்கு, பயோடேட்டாவுக்கு என்று அங்கீகாரம் உள்ள சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்துகிற சிசிசி என்ற கம்ப்யூட்டர் அடிப்படைப் படிப்பு இருக்கிறது, 80 மணி நேரப் பாடம், அதற்குத் தனியாக ஆன்லைன் தேர்வு எழுத வேண்டும், அதைப் பாருங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு டீச்சரிடம் போய் சர்டிபிகேட் கொடுங்கள் என்று சண்டை போட்ட ஒரு அம்மாவை நானே பார்த்தேன், பாவம் அவர் என்ன செய்வார், முதல் நாள் தாளிலேயே எழுதித்தான் கொடுத்திருக்கிறார்.

பள்ளியில் செய்முறைத் தேர்வு ஜனவரியில் நடந்தது. தேர்வாளர் ஒரு பட்டியலைக் கொடுத்து, துணைக்கூட்டல் (சப்டோட்டல்) போடு என்றாராம். இவள் பட்டியலை வாங்கியதும் முதலில் கன்ட்ரோல் எஃப்8 அழுத்திப் பார்த்திருக்கிறாள். இரண்டு எண் கறுப்பாக இருந்தது. சார், இது இரண்டும் எழுத்தாக இருக்கிறது, மாற்றிவிட்டுப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் வந்து எட்டிப் பார்த்து, இத்தனை பேரில் யாரும் கேட்கவில்லையே என்றாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைத்தான் முதலில் சொன்னாள். மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வந்தது, ஆனால் எனக்கு அந்த இரண்டு கறுப்பு எண்தான் போதும்.

யாரைச் சேர்க்கலாம் என்றால், ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிற பிள்ளைகளை ஏப்ரலிலேயே சேர்ப்பது நல்லது, ஜூலையில் சேர்த்தால் எங்களுக்கு ஆன மாதிரி டேட்டாபேஸுக்கு நேரம் போதாது. பதினோராவதில் காமர்ஸ் எடுக்கப்போகிற பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. போர்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொண்டுபோய் விடாதீர்கள், அவர் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது, கூட்டிவர ஆள் இருக்க வேண்டும். அப்புறம் அந்த இரண்டு பக்கத் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இரண்டாம் நாள் டீச்சர் அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்.